மேடைக்கு டிரம் மெஷினா, சாம்ப்ளரா? விறைப்பாக ஒலிக்கும் தாளத்தை எப்படி இளக்குவது?

கேள்வி: பதினாறாம்படி

அனைவருக்கும் வணக்கம்.

நெடுநாளாகக் கணினி மென்பொருளைக் கொண்டே தாளம் அமைத்து வருகிறேன். இப்போது ஒரு பாடகரும், பேஸ் கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவரும், நானுமாக மூவர் சேர்ந்து சிறு மேடைகளில் வாசிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். தாளம் என் பொறுப்பு. பாடகர் ஒரு சரணத்தை இன்னொரு முறை பாட விரும்பினால் அந்தக் கணமே நான் அவருடன் செல்ல வேண்டும். அதற்குத் திரையையும் மவுஸையும் நம்பி நிற்க எனக்கு மனமில்லை. கண்ணை மேடையில் வைத்துக்கொண்டு கையாலேயே இயக்கக்கூடிய தனிக் கருவி ஒன்று வேண்டும்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. 808 (ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின்) வகை ஒலிகளைத் தரும் டிரம் மெஷினை வாங்குவதா, எந்த ஒலியையும் ஏற்றிக்கொள்ளும் சாம்ப்ளரை வாங்குவதா என்பது முதலாவது. 808-இன் ஒலியையே சாம்ப்ளரில் ஏற்றிக்கொள்ள முடியும் என்னும்போது தனியாக ஒரு டிரம் மெஷின் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டாவது ஐயம் தாளத்தை அமைப்பது பற்றியது. இரவலாகக் கிடைத்த 16 ஸ்டெப் (ஒரு சுற்றை 16 சம படிகளாகப் பிரிக்கும்) கருவி ஒன்றில் கிக் (தாழ்ந்து ஒலிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (சடசடக்கும் டிரம்), ஹை-ஹேட் (இணைச் சிம்பல்) மூன்றையும் அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வோர் அடியும் உரிய இடத்தில்தான் விழுகிறது. ஆனாலும் மொத்தத் தாளமும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. ஸ்விங் (சில அடிகளைச் சற்றுத் தாமதமாக்கும் வசதி) அளவைக் கூட்டினால் இளகுவதற்குப் பதிலாக நொண்டுகிறது. எங்கள் பாடல்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 85 முதல் 100 பீட் வேகத்தில் செல்பவை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: கருவிப்பெட்டி

வணக்கம் நண்பரே. சாம்ப்ளர் எல்லாவற்றையும் செய்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஒலியைக் கேட்கும் அளவில் அது சரிதான். ஆனால் தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியை உள்ளிருந்து மாற்ற வேண்டும் என்று வரும்போது நிலைமை வேறு. மேடையில் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது இந்த இரண்டாவது திறன்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1980-இல் வெளிவந்த ரோலண்ட் டிஆர்-808-இல் பதிவு செய்யப்பட்ட ஒலி எதுவும் கிடையாது. கிக், ஸ்னேர், சிம்பல் என ஒவ்வொன்றையும் ஒரு மின்சுற்று அடிதோறும் புதிதாக உருவாக்குகிறது. கிக்குக்கு ஒலியளவு, டோன், டிகே என்று மூன்று குமிழ்கள் உண்டு. டிகே குமிழைத் திருப்பினால் கிக்கின் நாதம் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதை அந்தச் சுற்றே தீர்மானிக்கிறது. குறுகிய தட்டலிலிருந்து நீண்ட முழக்கம் வரை ஒரே குமிழில் போய் வரலாம். இதே கிக்கை ஒரு சாம்பிளாக (பதிவு செய்த ஒலித்துண்டாக) ஏற்றிவிட்டால், என்வலப் என்னும் ஒலி எழுந்து அடங்கும் விதத்தை ஆளும் அமைப்பைக் கொண்டு அதைக் குறுக்க முடியுமே தவிர, பதிவான நீளத்துக்கு மேல் இயல்பாக நீட்ட முடியாது. ஸ்னேரிலும் இதுவே நிலை. 808-இல் டோன் என்ற குமிழ் தோலின் நாதத்தையும், ஸ்னாப்பி என்ற குமிழ் அதனுடன் சேரும் இரைச்சலையும் தனித்தனியே ஆள்கின்றன. சாம்பிளில் இரண்டும் ஒன்றாக இறுகிவிட்டிருப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் கூட்ட வழியில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூல 808-இல் கிக்கின் சுருதியை மாற்றும் குமிழே இல்லை. இன்று பாடல்களில் பேஸ் போல மெட்டுடன் நகரும் 808 கிக்கைக் கேட்கிறீர்கள் அல்லவா, அது நீண்ட டிகே வைத்த கிக்கைச் சாம்பிளாக எடுத்து வெவ்வேறு சுருதியில் வாசிப்பதால் கிடைப்பது. ஒன்று செய்வதை மற்றொன்று செய்யாது என்பதால்தான் இரண்டு வகைக் கருவிகளும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

டிரம் மெஷின் என்றாலே அனலாக் (மின்சுற்றிலேயே ஒலியை உருவாக்குவது) என்றும் எண்ணிவிட வேண்டாம். 808 வந்த அதே 1980-இல் ரோஜர் லின் வடிவமைத்த எல்எம்-1, உண்மையான டிரம்களின் பதிவுகளைச் சில்லுகளில் வைத்து ஒலித்த முதல் டிரம் மெஷினாக வெளிவந்தது. 1983-இல் வந்த டிஆர்-909 இரண்டையும் கலந்தது. அதன் கிக்கும் ஸ்னேரும் அனலாக் சுற்றுகள், ஹை-ஹேட்டும் சிம்பல்களும் 6 பிட் பதிவுகள். ஆகவே விளம்பரத்தில் உள்ள வகைப்பெயரை வைத்து முடிவெடுக்காமல், ஒலி எங்கிருந்து பிறக்கிறது, அதன் எந்தப் பகுதிக்குக் குமிழ் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே நல்லது.

வாங்குமுன் கையேட்டைத் தரவிறக்கிப் படித்துவிடுங்கள். நீங்கள் குறிப்பாகத் தேட வேண்டிய செய்திகள் சில உண்டு. கருவி ஒலி அமைப்புகளைச் சேமிக்குமா என்பது அவற்றில் முதன்மையானது. ஆர்டூரியா டிரம்புரூட் தாளங்களைச் சேமிக்கும், ஒலிகளைச் சேமிக்காது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுவே ஒலி. ஒரு பாடலுக்கு நீண்ட கிக்கும் அடுத்த பாடலுக்குக் குறுகிய கிக்கும் வேண்டுமென்றால் இடைவெளியில் கையால்தான் மாற்ற வேண்டும். அதே கருவியில் 12 தனி அவுட்புட்டுகள் இருப்பதையும் கவனியுங்கள். உங்கள் குழுவில் பேஸ் கிட்டார் இருக்கிறது. கிக்கும் பேஸும் ஒரே தாழ்நிலை அலைவரிசையில் மோதும்போது, கிக் தனி கேபிளில் மிக்சருக்குப் போயிருந்தால் ஒலியமைப்பாளர் அதை மட்டும் சரிசெய்வார். ஸ்டீரியோ அவுட்புட் மட்டும் உள்ள கருவியில் அந்தச் சமநிலையை முன்கூட்டியே நீங்களே அமைத்துக்கொண்டு வர வேண்டும்.

பெயரில் சாம்பிள் என்று இருந்தால் அது ஒலியைப் பதிவு செய்யும் என்று பொருளில்லை. 2014-இல் வந்த கோர்க் வோல்கா சாம்பிளில் ஒலிப்பதிவுக்கான இன்புட் கிடையாது. வெளியில் தயாரித்த சாம்பிள்களை அதற்குள் அனுப்ப வேண்டும், மொத்தக் கொள்ளளவும் சுமார் 65 விநாடிகள்தான். 2018-இன் ரோலண்ட் டிஆர்-8எஸ்ஸும் எஸ்டி கார்டிலிருந்து சாம்பிள்களை ஏற்றிக்கொள்ளுமே தவிர, தானாகப் பதிவு செய்யாது. 2017-இல் வந்த எலெக்ட்ரான் டிஜிடாக்ட் பதிவு செய்யும், ஆனால் மோனோவில் மட்டும். ஸ்டீரியோ 2024-இன் டிஜிடாக்ட் 2-இல்தான் வந்தது. டிரம்களுக்கு மோனோ தாராளமாகப் போதும் என்பது என் கருத்து.

உங்கள் நிலைமைக்கு என் பரிந்துரை: பாடகருடன் உடனுக்குடன் செல்வதுதான் முதல் தேவை என்றால், ஒவ்வோர் ஒலிக்கும் தனி ஃபேடரும் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் சறுக்கியும்) குமிழும் உள்ள, சாம்பிள்களையும் ஏற்றிக்கொள்ளக்கூடிய டிரம் மெஷினிலிருந்து தொடங்குங்கள். டிஆர்-8எஸ் அந்த வகை. கணினியில் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் பாடல்களின் பகுதிகளையும் மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் மட்டும் இந்த முடிவு மாறும்.

மறுமொழி: நுண்தாளம்

கருவியைத் தேர்வு செய்வது பற்றி மேலே நன்றாக எழுதப்பட்டுவிட்டதால், நான் இரண்டாவது ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்விங் கூட்டினால் நொண்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாளத்தைக் கேட்காமலே ஓர் ஊகத்தைச் சொல்கிறேன்: ஹை-ஹேட்டை 16 ஸ்டெப்பிலும் ஒரே வெலாசிட்டியில் (அடியின் பலத்தில்) நிரப்பியிருப்பீர்கள். ஸ்விங் என்பது எல்லா அடிகளையும் அசைப்பதில்லை. 2, 4, 6 என்னும் இரட்டைப்படை ஸ்டெப்புகளை மட்டும் சற்றுத் தாமதப்படுத்துகிறது. 1, 3, 5 ஆகியவை அசையாமல் நிற்கின்றன. கையால் வாசிப்பவர் அந்தத் தாமதமான அடிகளை மெதுவாகத் தட்டுவார். கருவியிலோ தாமதமான அடியும் நேரான அடியும் ஒரே பலத்தில் ஒலிப்பதால், காது அதை நடையாகக் கொள்ளாமல் பிசகாகக் கொள்கிறது. எனவே வெலாசிட்டியைச் சரிசெய்யும்வரை ஸ்விங்கைத் தொடவே தொடாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டுடன் போகலாம். வேகம் 90 என்று வையுங்கள். ஸ்னேரை 5-லும் 13-லும் வையுங்கள். கிக்கை 1, 8, 11 ஆகியவற்றில் வையுங்கள். ஹை-ஹேட்டை ஒற்றைப்படை ஸ்டெப்புகளில் மட்டும், அதாவது எட்டு இடங்களில் மட்டும் வையுங்கள். இப்போது வெலாசிட்டிக்கு வருவோம். மிடியில் (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் தரமுறையில்) அதன் உச்சம் 127. ஹை-ஹேட்டில் 1, 5, 9, 13 ஆகியவற்றுக்கு 95 அளவும், இடையில் உள்ள 3, 7, 11, 15 ஆகியவற்றுக்கு 60 அளவும் கொடுங்கள். 8-ஆம் ஸ்டெப்பில் உள்ள கிக் அடுத்த அடிக்கு இட்டுச்செல்லும் அடி என்பதால் அதை 75-க்கு இறக்குங்கள். 1-இல் உள்ள கிக் முழுப் பலத்துடன் இருக்கட்டும். இவ்வளவு செய்தவுடனேயே, ஸ்விங் எதுவும் இல்லாமலே, தாளம் மூச்சு விடத் தொடங்குவதைக் கேட்பீர்கள்.

அடுத்து, ஸ்னேரை 10-லும் 16-லும் 25 முதல் 35 வரையிலான வெலாசிட்டியில் சேருங்கள். கோஸ்ட் நோட் என்று சொல்லப்படும் இந்த அடிகள் தனியாகக் காதில் விழக் கூடாது. அணைத்தால் ஏதோ குறைகிறதே என்று தோன்ற வேண்டும். அதுதான் அளவு. தெளிவாகக் கேட்கிறது என்றால் இன்னும் குறைக்க வேண்டும்.

இப்போதுதான் ஸ்விங். இந்தத் தாளத்தில் இரட்டைப்படை ஸ்டெப்பில் இருப்பவை 8-இன் கிக்கும், 10, 16-இன் கோஸ்ட் நோட்டுகளும் மட்டுமே. ஆகவே ஸ்விங் குமிழ் அசைக்கப்போவதும் அந்த மூன்றை மட்டும்தான். 50 சதவீதம் என்றால் ஸ்விங் இல்லை. 66 என்றால் ஏறக்குறைய முழுத் திஸ்ர நடை. இடையில் உள்ள அளவுகளை மில்லிவிநாடியில் கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும். 90 பீட் வேகத்தில் இரண்டு ஸ்டெப்புகள் சேர்ந்து 333 மில்லிவிநாடி. 54 சதவீதத்தில் இரட்டைப்படை ஸ்டெப் சுமார் 13 மில்லிவிநாடி தாமதமாகிறது; 58-இல் சுமார் 27; 66-இல் 50-ஐத் தாண்டிவிடுகிறது. அதே 58 சதவீதம் 120 பீட் வேகத்தில் 20 மில்லிவிநாடியாகக் குறைந்துவிடும். ஒரு பாடலில் இனித்த ஸ்விங் அளவு வேகம் மாறியதும் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். உங்கள் 85–100 வேகத்துக்கு 53-இலிருந்து 58 வரை தேடிப் பாருங்கள். சில கருவிகள் 0 என்பதை நேர் நடையாக வைத்து எண்ணுகின்றன என்பதால், எண்ணை அப்படியே நம்பாமல் கையேட்டுடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1988-இன் அகாய் எம்பிசி60, ஒரு பீட்டை 96 கூறுகளாகப் பிரித்தே தாளத்தைப் பதிவு செய்தது. 90 பீட் வேகத்தில் அதன் ஒரு கூறு ஏறத்தாழ 7 மில்லிவிநாடி. பலரும் போற்றும் அந்த நடை இவ்வளவு பெரிய கூறுகளிலிருந்துதான் வந்தது. நல்ல நடைக்கு நுண்ணிய அளவுகோல் தேவை என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மைக்ரோ டைமிங் (ஓர் அடியை மட்டும் முன்னும் பின்னும் சற்று நகர்த்தும் வசதி) உள்ள கருவியாக இருந்தால், ஸ்னேரை மட்டும் 5 முதல் 10 மில்லிவிநாடி பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். தாளம் சாய்ந்து உட்காரும். 1-இல் உள்ள கிக்கை மட்டும் நகர்த்த வேண்டாம். பேஸ் கிட்டார் வாசிப்பவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கிறார். அது நகர்ந்தால் அவர் தடுமாறுவார்.

ஒலியின் நீளத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். திறந்த ஹை-ஹேட்டை எந்த ஸ்டெப்பில் தொடங்குகிறோம் என்பதைவிட, அது எங்கே மூடுகிறது என்பதே நடையை அதிகம் மாற்றும். மூடிய ஹேட்டும் திறந்த ஹேட்டும் ஒரே சோக் குழுவில் இருந்தால் பின்னது ஒலிக்கும்போது முன்னது வந்து அறுத்துவிடும். மேலே சொன்ன தாளத்தில் 15-ஐத் திறந்த ஹேட்டாக மாற்றினால், அடுத்த சுற்றின் 1-ஆம் ஸ்டெப் அதை மூடும். அந்த மூடல் 1-ஆம் அடிக்கு ஓர் உந்துதலைக் கொடுக்கும்.

நீங்கள் இரவல் வாங்கிய கருவி 808 வகையைச் சேர்ந்ததென்றால் ஒரு தடை வரும். 808-இல் ஒவ்வோர் ஒலிக்கும் தனி வெலாசிட்டி இல்லை; ஆக்சென்ட் என்ற ஒரே வரிசைதான் உண்டு, அது அந்த ஸ்டெப்பில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆக்சென்ட்டை அரிதாக இடும் அழுத்தமாகக் கருதாமல், அதையே வழக்கமான பலமாகக் கருதுங்கள். ஆக்சென்ட் அளவை நன்றாக உயர்த்தி, முதன்மையான ஸ்டெப்புகள் எல்லாவற்றுக்கும் ஆக்சென்ட் இடுங்கள். ஆக்சென்ட் இடாதவை தாமாகவே மெல்லிய அடிகளாகிவிடும். மேலே உள்ள தாளத்தில் 3, 7, 15, 10, 16 ஆகியவற்றை மட்டும் ஆக்சென்ட் இல்லாமல் விட்டாலே வேறுபாடு தெரியும்.

கடைசியாக, ஒரே சுற்றைப் பாடல் முழுவதும் ஓடவிடாதீர்கள். நான்கு சுற்றுகளை ஒரு வாக்கியமாக நினையுங்கள். நான்காவதில் ஒரு கிக்கை எடுத்துவிடுவதே போதுமான மாற்றம். எலெக்ட்ரான் கருவிகளில் நான்கு சுற்றுக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்கும்படி ஓர் அடிக்கு நிபந்தனை இடும் வசதி உண்டு. நிரப்பு அடிகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, இருப்பதை நீக்குவது பாடகருக்கு அதிக இடம் தருகிறது.

மறுமொழி: ஒலித்துண்டு

கருவிப்பெட்டி அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆனால் பரிந்துரையில் உடன்படவில்லை. மூவர் குழுவில் தாளக் கருவிதான் குழுவின் பாதி அடையாளம். 808, 909 ஒலிகளை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கையால் பதிவு செய்த ஒலி வேறு எவரிடமும் இருக்காது. எனவே பதிவு செய்யக்கூடிய சாம்ப்ளரைத்தான் முதல் கருவியாக நான் சொல்வேன்.

ஒலியை உள்ளிருந்து மாற்ற முடியாது என்ற குறையை நிரப்ப ஓர் எளிய வழி உண்டு. ஒரே டிரம்மை மெதுவாகவும், நடுத்தரமாகவும், ஓங்கியும் தட்டி மூன்று சாம்பிள்களாகப் பதிவு செய்து, வெலாசிட்டிக்கு ஏற்ப அவை மாறி ஒலிக்கும்படி அடுக்கினால், நுண்தாளம் அவர்கள் சொன்ன கோஸ்ட் நோட்டுகளின் தொனியே மாறிவிடும். தோலை மெதுவாகத் தட்டும்போது ஒலியளவு மட்டும் குறைவதில்லை, அதன் மேல்நிலை அதிர்வுகளும் குறைகின்றன. ஓங்கிய அடியின் சாம்பிளை வெறுமனே அளவு குறைத்து ஒலித்தால் தொலைவில் யாரோ ஓங்கி அடிப்பது போலத்தான் கேட்கும்.

பதிவு செய்யும்போது அளவுமானி உச்சத்தைத் தொடவிடாமல் சுமார் 6 டெசிபல் இடம் விடுங்கள். பிறகு சாம்பிளின் தொடக்கத்தை வெட்டுவதில் நேரம் செலவிடுங்கள். தாளம் தளர்ந்து ஒலிக்கிறது என்று புலம்புவோர் பலரின் சாம்பிள்களைத் திறந்து பார்த்தால், அடிக்கு முன்னால் 15, 20 மில்லிவிநாடி வெற்றிடம் இருக்கும். அது மேலே கணக்கிட்ட ஸ்விங் அளவுக்குச் சமம். அலை வடிவத்தைப் பெரிதாக்கி, கோடு மேலெழும் இடத்துக்குச் சற்று முன்பாக, அது நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் டிக் என்ற ஓசையும் எழாது.

கொள்ளளவு குறைவு என்பதற்காக ஒரு கருவியை ஒதுக்க வேண்டாம். 1987-இன் ஈ-மியூ எஸ்பி-1200-இல் மொத்தமே 10 விநாடிகள்தான். 12 பிட், 26.04 கிலோஹெர்ட்ஸ். அதைப் பயன்படுத்தியோர் 33 வேக இசைத்தட்டை 45 வேகத்தில் ஓடவிட்டுப் பதிவு செய்து, கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் 10 விநாடி இடத்தில் 13 விநாடிக்கு மேற்பட்ட இசை அடங்கியது. சுருதியை இறக்கும்போது சேர்ந்த கரகரப்பையே பின்னாளில் பலரும் விரும்பித் தேடினார்கள். இன்றைய கருவிகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மோனோ ஒரு விநாடிக்கு 88 கிலோபைட் அளவுதான். ஆயினும் உயர்சுருதியில் பதிந்து இறக்கும் முறையை ஸ்னேருக்கு ஒருமுறை செய்து பாருங்கள், அதன் உடல் தடிக்கும்.

மறுமொழி: பதினாறாம்படி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹை-ஹேட் பற்றிய ஊகம் அப்படியே சரி. 16 ஸ்டெப்பிலும் ஒரே அளவில்தான் வைத்திருந்தேன். வெலாசிட்டியைப் பிரித்து, இரட்டைப்படை ஸ்டெப்புகளில் மென்மையாகச் சேர்த்த பிறகு 55 சதவீத ஸ்விங் இதமாக இருக்கிறது.

ஃபேடர் உள்ள டிரம் மெஷினையே முதலில் வாங்க முடிவு செய்திருக்கிறேன். ஒலித்துண்டு அவர்களின் வாதமும் மனத்தில் தைத்தது. பேஸ் வாசிக்கும் நண்பரிடம் ஒரு சாம்ப்ளர் இருப்பதால் இரண்டையும் இணைத்து வாசிக்கலாம் என்று நினைக்கிறோம். எது எதை வழிநடத்த வேண்டும்? இன்னொன்று: எங்கள் பாடல்களில் ஒன்று 3+4 என்று செல்லும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் இருக்கிறது. 16 பொத்தான்கள் உள்ள கருவியில் அதை எப்படி அமைப்பது?

மறுமொழி: கருவிப்பெட்டி

உங்கள் கையில் இருக்கும் கருவியே வழிநடத்தட்டும். வேகத்தையும் தொடக்கத்தையும் நிறுத்தத்தையும் ஒருவரே ஆள வேண்டும் என்பதால், டிரம் மெஷினின் மிடி அவுட்டிலிருந்து சாம்ப்ளரின் மிடி இன்னுக்கு ஒரு கேபிள் போதும். டிரம் மெஷினில் கிளாக் (ஒத்திசைவுத் துடிப்புகள்) அனுப்புவதை இயக்கி, சாம்ப்ளரில் வெளிக் கிளாக்கைப் பின்பற்றும்படி அமையுங்கள். மிடி கிளாக் ஒரு பீட்டுக்கு 24 துடிப்புகளை அனுப்புகிறது; வேகம் பற்றிய எண் எதையும் அனுப்புவதில்லை. துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் பின்தொடரும் கருவி வேகத்தை ஊகிக்கிறது. அதனால் ஓடும்போது கேபிளைச் செருகுவதைத் தவிர்த்து, இணைத்துவிட்டுப் பிறகு தொடக்கப் பொத்தானை அழுத்துங்கள்.

இணைத்தவுடன் சாம்ப்ளரில் தேவையற்ற ஒலிகள் கிளம்பினால் பயப்பட வேண்டாம். டிரம் மெஷின் கிளாக்குடன் சேர்த்துத் தன் அடிகளையும் நோட்டுகளாக அனுப்பிக்கொண்டிருக்கும்; பெரும்பாலும் 10-ஆம் சேனலில், கிக்குக்கு 36, ஸ்னேருக்கு 38 என்ற எண்களில். சாம்ப்ளரில் நோட்டுகளை ஏற்பதை அணைத்துவிட்டு கிளாக்கை மட்டும் ஏற்கச் செய்தால் அமைதியாகிவிடும். 3.5 மில்லிமீட்டர் மிடி துளை உள்ள கருவியாக இருந்தால் ஏ வகை, பி வகை என்ற இரண்டு இணைப்பு முறைகளைக் கவனியுங்கள். 2018-இல் ஏ வகையே தரமாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய கருவிகள் சில பி வகையைப் பயன்படுத்துகின்றன. கேபிள் உள்ளே பொருந்தியும் கிளாக் வரவில்லையென்றால் முதலில் இதைத்தான் ஐயுற வேண்டும். பழைய கருவி எதையாவது பின்னாளில் சேர்ப்பதானால் இன்னொரு செய்தி: மூல 808-இல் உள்ள ஐந்து முள் துளை மிடி போலவே தோன்றினாலும் அது வேறொரு முறை. மிடி வந்தது 1983-இல். 808 அதற்கு முந்தையது.

வோல்கா போன்ற சிறு கருவிகள் கிளாக்குக்குப் பதிலாக ஒரு பீட்டுக்கு இரண்டு துடிப்புகள் என்ற ஒத்திசைவையும் ஏற்கும். உங்களுக்கு மிடியே போதும்.

ஏழு எண்ணிக்கைக்கு வருகிறேன். ஓர் எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்டெப் என்று வைத்தால் மொத்தம் 14 ஸ்டெப்புகள். தாளத்தின் கடைசி ஸ்டெப்பை 14 என்று அமையுங்கள். 15-ம் 16-ம் ஒலிக்காது. முதல் மூன்று எண்ணிக்கைகள் 1 முதல் 6 வரையிலான ஸ்டெப்புகளையும், அடுத்த நான்கு எண்ணிக்கைகள் 7 முதல் 14 வரையிலான ஸ்டெப்புகளையும் எடுத்துக்கொள்ளும். கிக்கை 1-லும் 7-லும், ஸ்னேரை 5-லும் 11-லும் வைத்துத் தொடங்குங்கள். 7-ஆம் ஸ்டெப்பின் ஹை-ஹேட் சற்று ஓங்கி ஒலித்தால் 3+4 என்ற பிளவு பாடகருக்குத் தெளிவாகக் கேட்கும். அதைச் சொல்லாமல் விட்டால் அவர் 4+3 என்று எடுத்துக்கொள்ளக்கூடும். 14 இரட்டைப்படை எண் என்பதால் நுண்தாளம் அவர்கள் விளக்கிய ஸ்விங் ஒவ்வொரு சுற்றிலும் அதே அடிகளில்தான் விழும்.

ஒவ்வொரு தடத்துக்கும் தனி நீளம் வைக்க முடிந்த கருவியில் இன்னொரு வழியும் திறக்கிறது. கிக்கையும் ஸ்னேரையும் 14 ஸ்டெப்பில் விட்டு, ஷேக்கர் போன்ற மெல்லிய ஒலி ஒன்றை மட்டும் 16 ஸ்டெப்பில் ஓடவிட்டால், இரண்டும் 112 ஸ்டெப்புகளுக்கு ஒருமுறை, அதாவது உங்கள் தாளத்தின் எட்டுச் சுற்றுகளுக்கு ஒருமுறை, ஒன்றாகத் தொடங்கும். எட்டுச் சுற்று ஒரு சரணத்துக்குப் பொருந்தும் நீளம்தான். சாம்ப்ளரில் உள்ள பகுதியின் நீளத்தையும் 14-க்கோ அதன் மடங்குக்கோ அமைக்க மறவாதீர்கள். கிளாக் துடிப்புகளை மட்டுமே கொண்டுசெல்வதால், சுற்றின் நீளம் 14 என்பது டிரம் மெஷினுக்குத் தெரிந்தாலும் சாம்ப்ளருக்குத் தெரியாது. அது 16-இலேயே சுழன்றுகொண்டிருந்தால் இரண்டாம் சுற்றிலேயே இரண்டு ஸ்டெப் விலகிவிடும்.